தராசு இல்லாவிட்டால் இந்தக் காதலே இல்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அனிமே பைத்தியமாக இங்கே கூடியிருக்கும் தம்பி தங்கைகளே, பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று கூட உட்கார்ந்து பார்த்துவிட்டு இப்போது அவர்களைவிட ஆர்வமாக வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

'ஓநாயும் மசாலாவும்' (Spice and Wolf) என்ற ஜப்பானிய அனிமே தொடரைத் தாங்கிப் பிடிப்பது காதலா, வணிகமா? வணிகமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மையார் நம் கண்ணைக் கலங்க வைத்துவிட்டுப் போனார். "பல நூறு ஆண்டு தனியாகக் கிடந்த ஓநாய்த் தெய்வம், சொந்த ஊருக்குப் போக ஒரு வியாபாரியின் வண்டியில் ஏறுகிறது. இது மனசின் கதை ஐயா, காசுக் கணக்கெல்லாம் பின்னணிச் சீலை" என்றார். எல்லோரும் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே யோசித்தேன்: அந்தத் தெய்வம் ஏன் தனியானது?

பெண்ணுருவில், ஓநாய்க் காதும் வாலுமாக வரும் அந்தத் தெய்வம்தான் ஹோலோ. பாஸ்லோ கிராமத்துக் கோதுமையைக் காப்பதாக வாக்குக் கொடுத்தவள். நிலம் சத்திழந்து போகாமல் இருக்க சில வருஷம் விளைச்சலைக் குறைப்பாள். ஊர்க்காரர்கள் "தெய்வத்துக்கு மனசு ஒரு நிலையில் இல்லை" என்பார்கள். அப்புறம் அந்தப் பகுதிப் பிரபு புதிய உழவு முறைகளைக் கொண்டுவந்தார். அவள் தயவு இல்லாமலே களம் நிறைந்தது. அறுவடைத் திருவிழாவில் பெயர் மட்டும் மிச்சம். அம்மையார் அழுத அந்தத் தனிமைக்குக் காரணமே விளைச்சல் கணக்கு, நடுவர் அவர்களே!

சரி, வண்டியில் ஏறிவிட்டாள். லாரன்ஸுக்கு வயது இருபத்தைந்து, ஊர் ஊராகச் சுற்றும் வியாபாரி. "உன்னை நம்புகிறேன்" என்று அவன் வாயால் சொல்வானா? மாட்டான். செரென் என்று ஒருவன் வந்து, ஒரு வெள்ளி நாணயத்தில் வெள்ளியின் அளவு கூடப்போகிறது, வாங்கிக் குவித்தால் லாபம் என்கிறான். ஹோலோவின் காது அவன் குரலிலேயே பொய்யைப் பிடித்துவிடுகிறது. லாரன்ஸ் அந்தக் காதை நம்பித் தன் பணத்தை இறக்குகிறான். உண்மையில் வெள்ளி குறையத்தான் போகிறது. அரசனுக்குப் பணமுடை வந்தால் முதலில் இளைப்பது நாணயம்தானே! இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1544 முதல் இதைத்தான் செய்தார். மேலே இருந்த வெள்ளி தேயத் தேய, நாணயத்தில் ராஜாவின் மூக்கு செம்பாகத் தெரிந்தது. செம்பு மூக்கன் என்றே பட்டப்பெயர் வைத்தார்கள்.

2024-ல் இந்தக் கதையை முதலிலிருந்து மறுபடி எடுத்தார்கள். படம் எடுத்த நிறுவனம் மாறியது, ஓவியம் மாறியது. குரல் கொடுத்த ஜுன் ஃபுகுயாமாவும் அமி கொஷிமிசுவும் மாறவில்லை. வெள்ளி நாணயக் கதையும் போகவில்லை. பின்னணிச் சீலை என்றால் அதைத்தானே முதலில் கழற்றியிருப்பார்கள்? ஒருமுறை பார்த்து அது முழுசாகப் புரியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் புரியவில்லை.

அடுத்து மிளகு. கற்பனை உலகம்தான், ஆனால் நிஜ ஐரோப்பாவுக்கு மிளகு போனது நம் பக்கத்து மலபாரிலிருந்து என்பதால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். மிளகை எடை போடும்போது மேசை சாய்ந்திருப்பதை ஹோலோ கண்டுபிடிக்கிறாள். மேசையில் தண்ணீரை ஊற்றுகிறாள், அது ஒரே பக்கமாக ஓடுகிறது. மாட்டிக்கொண்ட வணிகனிடம் நம் ஆள் பேராசைப்பட்டு, கைமுதலுக்கு மேல் கடனிலும் போர்க்கவசம் வாங்குகிறான். அடுத்த ஊருக்குப் போனால் படையெடுப்பு ரத்து, கவசம் வாங்க நாதியில்லை. கடன் கேட்டுத் தெரிந்த வியாபாரிகளின் வாசலில் நிற்கிறான். "பொண்ணைக் கூட்டிக்கிட்டுக் கடன் கேட்க வர்றான் பார்" என்று கதவைச் சாத்துகிறார்கள். ஆறுதலாக நீண்ட ஹோலோவின் கையைத் தட்டிவிடுகிறான்.

அந்த ஒரு தட்டலைப் பாருங்கள். முத்தமில்லை, பாட்டில்லை. தட்டிய கணத்திலேயே தான் செய்தது என்னவென்று அவனுக்கு உறைக்கிறது. திவாலாகும் மனுஷனுக்குத்தான் அந்தக் கை நீளும். கவசத்தின் விலை விழாமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் விடுதியில் ஆப்பிள் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எதிரணித் தலைவர் சங்க இலக்கியத்தைத் துணைக்கு அழைத்தார். பொருள் தேடப் போகும் தலைவன், வீட்டில் பசலை பூத்த தலைவி, பொருள் காதலைப் பிரிக்கும் என்றார். அருமை! ஆனால் இங்கே தலைவி வீட்டில் இல்லை ஐயா, வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வாலைச் சீவிக்கொண்டிருக்கிறாள். தின்றது, உடுத்தது எல்லாம் அவள் பேரில் கடன். அந்தக் கடன் தீரும்வரை கூட இருக்கலாம் என்பதுதான் இருவருக்கும் சாக்கு.

இது புரியாமல் கும்மெர்சுன் நகரில் அமாதி என்று ஒரு இளம் மீன் வியாபாரி வருகிறான். பாவம், நல்ல பையன். ஆயிரம் வெள்ளி கட்டி அவள் கடனை அடைத்து, பெண் கேட்கப்போகிறேன் என்கிறான். அதே நேரத்தில் அவள் சொந்த ஊரான யோய்ட்ஸு அழிந்துபோன சேதியை லாரன்ஸ் மறைத்தது ஹோலோவுக்குத் தெரிந்து, அவள் உடைந்துபோய், பேச்சே நின்றுவிடுகிறது. இப்போது நம் கதாநாயகன் என்ன செய்தான்? மழையில் நின்றானா? கவிதை எழுதினானா? சந்தைக்குப் போனான்! பொன்போல் மின்னும் ஒரு கல்லுக்கு ஊரே பித்துப் பிடித்து விலை ஏற்றிக்கொண்டிருக்கிறது. காசு இன்றைக்கு, கல் நாளைக்கு என்று அமாதியிடம் முன்பேரம் பேசி, விலை விழ வேண்டுமே என்று விலைப்பலகையைப் பார்த்து வியர்த்து நிற்கிறான். விலை விழுகிறது. அந்தச் சரிவில் ஹோலோவின் கையும் இருந்தது! வாய் பேசாத இருவர் சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

"லெனோஸ் நகரில் லாபத்தையே விட்டுவிட்டு, கடனுக்கு அடகாக நின்ற அவளை மீட்கப் போனானே, அங்கே காதல் ஜெயித்ததே" என்று மடக்கப் பார்ப்பார்கள். அவன் விட்டது என்ன? சொந்தக் கடை. ஒவ்வொரு காசாகச் சேர்த்து, இதோ கைக்கு வந்துவிட்டது என்ற கடை. அதன் விலையை இத்தனை அத்தியாயமாக நமக்குக் கணக்குப் போட்டுக் காட்டாமல் இருந்திருந்தால், அவன் விட்டதும் நமக்கு ஒன்றும் பெரிதாகத் தெரிந்திருக்காது.

ஹசெகுரா இசுனாவின் நாவல்களில் இந்த இருவரும் பிறகு கல்யாணம் கட்டிக்கொள்கிறார்கள். கட்டிக்கொண்டு என்ன செய்தார்கள்? நியோஹிரா என்ற வெந்நீர் ஊற்று ஊரில் குளியல் விடுதி திறந்தார்கள். காதல்தான் பெரிது என்று சொல்லிக்கொண்டு எதிரணியினர் அங்கே போனாலும், நடுவர் அவர்களே, வாடகை வாங்கிக்கொண்டுதான் அறை தருவார்கள். வணக்கம்.