முதல் கச்சேரிக்குக் காது மட்டும் போதாது

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், மார்கழிப் பனியில் இத்தனை தூரம் வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கர்நாடக இசைக் கச்சேரிக்கு முதன்முதலாகப் போகிறவருக்குப் பெரிதும் தேவை திறந்த மனமா, தெரிந்த காதா? இதுதான் இன்றைய தலைப்பு. தெரிந்த காதுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அழகாகத் தொடங்கினார். "தாலாட்டுக் கேட்கும் குழந்தைக்கு ராகம் தெரியுமா, தாளம் தெரியுமா? சும்மா போய் உட்காருங்கள், இசை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நடுவர் அவர்களே, தாலாட்டுக் கேட்ட குழந்தை என்ன செய்கிறது? தூங்கிவிடுகிறது. தாய் பாடுவதே அதற்குத்தான். முப்பது நாற்பது வருடம் சாதகம் செய்தவர் மேடையேறி உட்காருவது நம்மைத் தூங்கவைக்க அல்ல.

சும்மா போய் உட்கார்ந்தவன் நான். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பாட்டு என்றால் ரேடியோவில் வரும் சினிமாப் பாட்டுதான். எனக்கு இருபத்தாறு வயது. சென்னையில் டிசம்பர் மாதம். அலுவலகத்தில் கூட வேலை பார்த்த அக்கா ஒருவர், தன்னால் போக முடியவில்லை என்று ஒரு கச்சேரி டிக்கெட்டை என் கையில் கொடுத்தார். ஆசையாகத்தான் போனேன். எதிரணியினர் கேட்கும் திறந்த மனம் அன்றைக்கு என்னிடம் முழுதாக இருந்தது.

திரை விலகியது. தம்புரா ஒலித்துக்கொண்டிருந்தது. மிருதங்கம் வாசிக்கிறவர் ஒரு கல்லையும் சின்னக் கட்டையையும் வைத்து வாத்தியத்தின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் சுருதி சேர்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஏதோ பழுது போலிருக்கிறது, அது சரியானதும் தொடங்குவார்கள் என்று நினைத்தேன். முதல் இரண்டு உருப்படிகள் வேகமாகப் போய்விட்டன. அப்புறம் பாடகர் சொல்லே இல்லாமல் பாட ஆரம்பித்தார். பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன். பத்து நிமிடம் போயிற்று. அவர் நிறுத்தியதும் வயலின் வாசிக்கிறவர் அதேபோல ஆரம்பித்தார். மறுபடி காத்திருந்தேன். அப்போது தற்செயலாகப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர். கண் மூடியிருந்தது. கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

அவருக்கும் எனக்கும் நடுவில் நாற்காலியின் ஒரு கைப்பிடிதான். அதே குரல், அதே வயலின், அதே நிமிடம். அவர் அழுகிறார். நான் பாட்டு தொடங்கக் காத்திருக்கிறேன். என் மனம் மூடியிருந்ததால் இது நடந்தது என்று எதிரணியினர் சொல்ல முடியுமா? அந்தப் பத்து நிமிடத்துக்குப் பெயர் ஆலாபனை, வித்துவான் அந்த இடத்திலேயே ராகத்தைத் தன் கற்பனையால் கட்டி எழுப்புகிறார், கச்சேரியின் உயிரே அதுதான் என்று ஒருவர், ஒரே ஒருவர், முன்கூட்டி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் காத்திருந்திருக்க மாட்டேன். கேட்டிருப்பேன்.

இன்னும் இருக்கிறது. பெரிய உருப்படி முடிகிற நேரம். பாடகர் நிறுத்திவிட்டார். மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கத் தொடங்கின. அரங்கில் பலர் எழுந்து வெளியே போனார்கள். இடைவேளை என்று நினைத்து நானும் எழுந்தேன். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் அந்தப் பகுதிக்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர். உள்ளே அது நடக்கும்போது நான் கேன்டீன் வரிசையில் நின்றேன். அன்றிரவு வீடு திரும்பும்போது என் மனதில் ஓடிய எண்ணம் ஒன்றுதான்: இது நமக்கானது இல்லை. அதற்கப்புறம் மூன்று வருடம் எந்த சபா வாசலையும் நான் மிதிக்கவில்லை.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும், நடுவர் அவர்களே. ரசிக்க முடியாமல் திரும்புகிற புதியவர் கச்சேரியைக் குறை சொல்வதில்லை. தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார். "நமக்கு ரசனை போதாது, நம் வீட்டுக்கு இது ஒத்துவராது" என்று ஒதுங்கிவிடுகிறார். அவருக்குக் குறைந்தது ரசனை இல்லை. யாரோ சொல்லாமல் விட்ட நான்கு விஷயங்கள்தான்.

"ஒன்றும் தெரிய வேண்டாம், அனுபவித்தால் போதும்" என்று சொல்கிறவர்கள் யார் என்று நான் பல வருடமாகக் கவனிக்கிறேன். பெரும்பாலும் எல்லாம் தெரிந்தவர்கள். அவர்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். ஆறேழு வயதில் சரளி வரிசை, ஜண்டை வரிசை. தாத்தா மடியில் உட்கார்ந்து தாளம். கற்கிறோம் என்று தெரியாமலே கற்றவர்கள். அதனால், தங்களுக்குக் கற்பிக்கப்பட்டது என்பதே மறந்துபோய், ரசனை தானாக முளைக்கும் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சமையலறை இல்லாத வீட்டிலிருந்து வருகிறவருக்கு அந்த அறிவுரை கதவைத் திறப்பதில்லை. கதவே இல்லை என்று சொல்லிவிட்டு வெளியில் நிற்கவைக்கிறது.

கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அரங்கில் முக்கால்வாசிப் பேர் ரசிகர்கள். எல்.பி.டபிள்யூ. என்றால் என்ன, நோ பால் என்றால் என்ன என்று ஒரு நாள் அண்ணனோ மாமாவோ சொல்லிக்கொடுத்ததால்தான் ரசிகர்கள் ஆனீர்கள். ஒன்றும் தெரியாதவரைக் கொண்டுபோய் ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்தில் உட்காரவைத்து, "மனதைத் திறந்து வை, போதும்" என்று யாராவது சொல்வோமா?

எதிரணியில் பேசிய அம்மையார் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் வீதிகளைக் காட்டினார். "திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் தோடி ராகம் வாசித்தால் வயலில் வேலை முடித்து வந்தவரும் நின்று கேட்டாரே, அவர் எந்தப் பள்ளியில் படித்தார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவர் அந்த வீதியில்தான் படித்தார், அம்மா. மல்லாரி கேட்டால் சுவாமி புறப்பாடு என்று அவருக்குத் தெரியும். விடியலில் பூபாளம், பள்ளியறை நேரத்தில் நீலாம்பரி என்று பிறந்த நாள் முதல் கேட்டவர். வருடத்துக்கு எத்தனை திருவிழா, எத்தனை கல்யாணம்! இருபது முப்பது வருடம் கேட்டுக் கேட்டு ஊறிய காது அது. நம் மொழியில் அதற்குக் கேள்வி ஞானம் என்று பெயர். அதுவும் ஞானம்தானே? தெரிந்த காது என்று நாங்கள் சொல்வதும் அதைத்தான். முதன்முதலாக சபாவுக்குள் நுழைகிற இளைஞருக்கு அந்த வீதி கிடைக்கவில்லை. கிடைக்காத முப்பது வருடத்துக்குப் பதிலாக அவருக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள் என்று கேட்கிறோம்.

புரியாமலே ரசிக்கலாம் என்பது உண்மையானால் தமிழிசை இயக்கம் எதற்குத் தோன்றியது? மேடைகளில் தெலுங்கும் சமஸ்கிருதமும் நிறைந்திருந்த காலத்தில், கேட்கிறவனுக்குப் புரிகிற மொழியில் பாடுங்கள் என்று கேட்டார்கள். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோரின் பாடல்கள் மேடையில் மறுபடி ஓங்கி ஒலிக்கப் போராட வேண்டியிருந்தது. புரிந்தால் சுவை கூடும் என்பதுதானே அந்தப் போராட்டத்தின் அடிப்படை? சொல்லுக்கு அது உண்மை என்றால் ராகத்துக்கும் தாளத்துக்கும் மட்டும் எப்படிப் பொய்யாகும்? இளங்கோவடிகளைப் பாருங்கள். மாதவி ஆடுவதற்கு முன்னால் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்லி, அரங்கின் அமைப்பையும் சொல்லிவிட்டுத்தான் திரையை விலக்குகிறார். அறிமுகம் சுவையைக் கெடுக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"தாய் ராகங்களான எழுபத்திரண்டு மேளகர்த்தாவையும் படித்துவிட்டு வா என்றால் யார் வருவார்கள்?" என்று பயமுறுத்தினார்கள். நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. கச்சேரிக்கு ஒரு வழித்தடம் உண்டு. இன்று நாம் பெரும்பாலும் கேட்கும் அமைப்பு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) காலத்தில் அவரால் நிலைபெற்றது. வர்ணத்தில் தொடங்கும், சின்னக் கீர்த்தனைகள் வரும், நடுவில் ஆலாபனை, நிரவல், ஸ்வரங்களையே கற்பனையாகக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரம், தனி ஆவர்த்தனத்தோடு பெரிய உருப்படி, அப்புறம் துக்கடாக்கள் என்னும் சின்னப் பாட்டுகள், மங்களம். இவ்வளவுதான். இது தெரிந்தால் எங்கே நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று தெரியும்.

ஒரே ஒரு ராகத்தைப் பழகிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மோகனம் போதும். ஸ ரி க ப த, ஐந்தே ஸ்வரம். இந்த ராகத்தில் சினிமாப் பாட்டு ஏராளம், ஏற்கெனவே காதில் இருக்கிறது. அதன் பெயர் மோகனம் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு போனால், முன்பின் தெரியாத கூட்டத்தில் சொந்த ஊர்க்காரரைச் சந்தித்த மாதிரி அந்த ராகத்தைச் சந்திப்பார். நிரவல் என்றால் என்ன? பாட்டின் ஒரு வரி, அதே சொற்கள், தாளத்தில் அதே இடங்களில் நிற்க, மெட்டு மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறது. தெரியாதவருக்கு அது சொன்னதையே சொல்வது. தெரிந்தவருக்கு, ஒரே வாசலில் வேறு வேறு கோலம்.

எதிரணியின் இன்னொரு குற்றச்சாட்டை நான் ஒப்புக்கொள்கிறேன். ராகத்தைக் கண்டுபிடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு அத்தோடு கேட்பதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. புதியவரை அற்பமாகப் பார்க்கிறவர்களும் உண்டு. எனக்கும் அது வலித்திருக்கிறது. ஆனால் அது அறிவின் குற்றமா? அறிவு சிலரிடம் மட்டும் தங்கியதால் வந்த செருக்கு அது. எல்லோரிடமும் பரவினால் செருக்குக்கு எங்கே இடம்?

மூன்று வருடம் கழித்து அதே அக்காவிடம் மனம் திறந்து சொன்னேன். "அக்கா, அன்றைக்கு எனக்கு ஒன்றுமே புரியவில்லை." அவர் சிரிக்கவில்லை. "என் தப்பு தம்பி. டிக்கெட் கொடுத்தேன், வேறொன்றும் கொடுக்கவில்லை. கையைக் கொடு" என்றார். மதியச் சாப்பாட்டு இடைவேளையில், அலுவலக மேசையில் என் கையை வைத்து, எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் போடச் சொல்லிக்கொடுத்தார். "எண்ணுவதை மட்டும் விட்டுவிடாதே" என்றார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும், சுற்று வரவரச் சின்னதாகும், கடைசியில் இரண்டும் சேர்ந்துகொள்ளும், முடிவுக்கென்று கணக்காகக் கோத்த கோர்வை மூன்று தடவை வரும், பாட்டு எடுத்த இடத்தில் வந்து விழும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை உருப்படி ஆதி தாளம், சமத்தில் எடுப்பு, அதாவது தாளத்தின் முதல் தட்டிலேயே பாட்டு தொடங்கும். தனி தொடங்கியது. வழக்கம்போலச் சிலர் எழுந்தார்கள். நான் எழவில்லை. இரண்டு முறை எண்ணிக்கை தவறி, முன்வரிசையில் ஒருவர் கையைப் பார்த்துச் சரிசெய்துகொண்டேன். சுற்றுகள் சுருங்கின. இரண்டு வாத்தியமும் சேர்ந்தன. கோர்வை ஒன்று, இரண்டு. மூன்றாவது கணக்கையெல்லாம் குலைப்பது போல எங்கெங்கோ ஓடியது. என் கை எட்டை முடித்து ஒன்றுக்கு இறங்கிய அதே நொடியில் மிருதங்கமும் கடமும் வந்து இறங்கின. பாடகர் பல்லவியை எடுத்தார். என்னை அறியாமல் "ஆகா" என்றேன். பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த அரங்கில் அன்றைக்குத்தான் எனக்கு இடம் கிடைத்தது.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரு நிமிடம் கொடுங்கள் ஐயா, அதற்குமேல் வேண்டாம்.

அவையோரே, உங்கள் வலது கையைத் தொடைமேல் வையுங்கள். உள்ளங்கையால் ஒரு தட்டு, அது ஒன்று. சுண்டுவிரல் இரண்டு. மோதிரவிரல் மூன்று. நடுவிரல் நான்கு. மறுபடி தட்டு, ஐந்து. கையைத் திருப்பி ஒரு வீச்சு, ஆறு. தட்டு, ஏழு. வீச்சு, எட்டு. இன்னொரு முறை, எல்லோரும் சேர்ந்து, அவசரப்படாமல். எதிரணித் தலைவரும் போடுகிறார், நன்றி ஐயா. இதுதான் ஆதி தாளம். இரண்டு களையில் பாடினால் ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு தடவை போட வேண்டும், அதை அங்கே மற்றவர் கையைப் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம்.

இந்தக் கையோடு போங்கள். தனி தொடங்கும்போது எழுந்துவிடாதீர்கள். வணக்கம்.