லிசனிங் கிளாஸுக்கு ஆடியோ தேடுறீங்களா? ஒரு நிமிஷ ஆடியோ போதும்

[ஸ்கிரீன்ல ரெண்டு படம்: குளிருக்குப் போடுற கோட், பக்கத்துல புல் மேயுற ஆடு]

இந்த ரெண்டுக்கும் இங்கிலீஷ் பேரைத் தமிழ் எழுத்துல எழுதுங்க பாப்போம். ரெண்டுமே கோட்தான வருது? இப்ப நம்ம பசங்க இங்கிலீஷ் புக்கைத் திறந்து பாருங்க, ஒவ்வொரு வார்த்தைக்கு மேலயும் பென்சில்ல தமிழ்ல எழுதி வெச்சிருப்பான், நாமளும் அப்படித்தான் படிச்சு வந்தோம் அதனால திட்டவும் முடியாது, ஆனா ஒன்பதாவது பத்தாவது வர்றப்ப கண்ணுக்குத் தெரிஞ்ச வார்த்தை காதுக்குத் தெரியாமப் போயிடுது. பப்ளிக் எக்ஸாம்ல எல்லாமே எழுத்துதாங்கிறதால யாரும் கண்டுக்கிறதும் இல்ல, காலேஜ்ல முதல் நாள் கிளாஸ்ல உக்காரும்போதுதான் தெரியும்.

வணக்கம், நான் ஒரு கவர்மென்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர். லிசனிங்குக்கு எங்க மேட்டர் எடுக்கிறதுன்னு நிறைய பேர் கேக்குறீங்க. மேட்டர் கொட்டிக் கிடக்கு, அதை வெச்சு என்ன பண்றோம்ங்கிறதுலதான் நாம சொதப்புறோம்.

நானே முதல் வருஷம் என்ன பண்ணேன் தெரியுமா, ஹைடெக் லேப்ல ஸ்பீக்கரைப் போட்டு ஆறு நிமிஷ ஆடியோவை முழுசா ஓட விட்டுட்டு புரிஞ்சுதான்னு கேட்டேன், புரிஞ்சுது மிஸ்னு கோரஸா சொன்னாங்க. அப்புறம் எத பத்திப் பேசுனாங்கன்னு கேட்டா ஒருத்தன் கூட வாயத் திறக்கல. தப்பு என் மேலதான், எதைக் கேக்கணும்னு சொல்லாமலே கேக்கச் சொல்லிட்டேன்.

[ஸ்கிரீன்ல பெரிய எழுத்து: கேள்வி முதல்ல, ஆடியோ அப்புறம்]

ஒரு நிமிஷ ஆடியோ எடுத்துக்கோங்க, அதுக்கு மேல வேண்டாம். போடுறதுக்கு முன்னாடியே ஒரே ஒரு கேள்வி போர்டுல எழுதிடுங்க, எத்தனை பேர் பேசுறாங்க, எங்க நின்னு பேசுறாங்க, அந்த மாதிரி லேசா. ரெண்டாவது தடவை போடும்போது விவரம் கேளுங்க. மூணாவது தடவைக்கு அந்த ஆடியோல வர்ற பேச்சை எழுத்துல கொடுத்துடுங்க, ஆனா ஒரு எட்டுப் பத்து வார்த்தையை அழிச்சுட்டு. எதை அழிக்கிறதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு. பெரிய கஷ்டமான வார்த்தையை அழிக்காதீங்க, அதையெல்லாம் இங்கிலீஷ்காரன் அழுத்திச் சொல்லுவான் நல்லாவே கேக்கும். டு, ஆஃப், ஹேவ், கேன் இந்தப் பொடிசுங்களை அழிங்க. ஐ வான்ட் டு கோன்னு நாம சொல்லிக் கொடுக்கிறோம், அவங்க வாயில ஐ வானா கோன்னு வருது, டிட் யூங்கிறது டிஜுன்னு ஒட்டிக்குது. பையனுக்கு அந்த வார்த்தை எல்லாமே தெரியும், ஆனா காதுல விழுறது ஏதோ புது வார்த்தை மாதிரி இருக்கு, அங்கயே தொங்கிட்டு நிப்பான், அதுக்குள்ள அடுத்த ரெண்டு வாக்கியம் போயிடும்.

சரி இப்ப எங்க எடுக்கிறது. ரொம்ப வீக்கான கிளாஸ்னா விஓஏ, அதாவது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரேடியோவோட லேர்னிங் இங்கிலீஷ். 1959ல ஸ்பெஷல் இங்கிலீஷ்னு ரேடியோல ஆரம்பிச்சது, அடிப்படையா 1,500 வார்த்தை அளவை வெச்சுக்கிட்டு நிதானமா படிப்பாங்க. 2025 மார்ச்ல அந்த ரேடியோவையே முடக்கிட்டாங்க, ஆனா பழைய ஆடியோ நிறைய பேர் சேத்து வெச்சிருக்காங்க, கிடைச்சா இறக்கி வெச்சுக்கோங்க. பிரிட்டிஷ் கவுன்சிலோட லேர்ன்இங்கிலீஷ் டீன்ஸ்ல ஏ1, ஏ2ன்னு லெவல் பிரிச்சு, கேக்குறதுக்கு முன்னாடி பண்ற பயிற்சியும் கூடவே வெச்சிருக்காங்க, பத்தாவதுன்னு கௌரவம் பாக்காம ஏ1ல ஆரம்பிங்க. பிபிசியோட சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் எல்லாரும் சொல்றது, நல்லாத்தான் இருக்கு, ஆரம்பத்துல ஒரு கேள்வி கேட்டுக் கடைசில பதில் சொல்லுவாங்க, ஆனா அது பிளஸ் ஒன் பிளஸ் டூல ஓரளவு தேறின பசங்களுக்கு, அதுவும் துண்டு துண்டா. எல்லாத்தையும் வீட்லயே டவுன்லோட் பண்ணிட்டுப் போங்க, கிளாஸ்ல போய் நெட் சுத்துறதப் பாத்துட்டு நிக்கக் கூடாது. இங்கிலீஷ் சப்டைட்டிலை முதல்லயே போட்டா அது ரீடிங் கிளாஸ் ஆயிடும், அதையும் சொல்லிடுறேன்.

இது எதுவும் செட் ஆகலயா, கிரிக்கெட் கமென்ட்ரி இருக்கே! ஒரு ஓவர் மட்டும், முதல்ல சத்தம் இல்லாம ஓட விடுங்க, கமென்ட்டேட்டர் என்ன சொல்லியிருப்பார்னு பசங்களையே சொல்ல விடுங்க, அப்புறம் சத்தத்தோட போட்டு சரி பாக்கச் சொல்லுங்க. புல்டாஸ், எட்ஜ், மிட்விக்கெட்டெல்லாம் அவனுக்கு ஏற்கனவே தெரியும், என்ன நடக்குதுன்னும் கண்ணுக்கு முன்னாடி தெரியுது, அதனால தெரியாத வார்த்தைய அவனே ஊகிச்சுப் புடிக்கிறான். கடைசி பெஞ்ச் முன்னாடி வந்து உக்காந்தது எனக்குத் தெரிஞ்சு அன்னைக்குத்தான். கிரிக்கெட் புடிக்காத பசங்களும் இருப்பாங்க, அவங்களுக்கு சமையல் வீடியோ இதே மாதிரி வேலை செய்யும்.

அடுத்து என்னோட ஃபேவரிட், ரயில்வே ஸ்டேஷன். யுவர் அட்டென்ஷன் ப்ளீஸ்! ஒரே சேதி தமிழ்லயும் வருது இங்கிலீஷ்லயும் வருது, விடையைக் கூடவே கொடுத்த கேள்வித்தாள் மாதிரி. அறிவிப்பை போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு வந்து இங்கிலீஷை மட்டும் போடுங்க, வண்டி நம்பர் என்ன, எந்த பிளாட்பாரம், எவ்வளவு லேட். எழுதி முடிச்சதும் தமிழைப் போட்டு அவங்களே திருத்திக்கட்டும். நம்பர்லதான் நிறைய பேர் விழுவாங்க, தர்ட்டீனா தர்ட்டியா, பிஃப்டீனா பிஃப்டியான்னு, அழுத்தம் எங்க விழுதுன்னு கேக்கணும். 13, 30, 14, 40 இதையெல்லாம் கட்டம் போட்டு பிங்கோ ஆட விட்டா அஞ்சு நிமிஷத்துல பழகிடும்.

இதுக்கு ஒரு பக்க விளைவும் இருக்கு. எங்க கிளாஸ்ல தினமும் லேட்டா வர்ற ஒருத்தன், அடுத்த வாரம் வாசல்ல நின்னுக்கிட்டு அந்த ஸ்டேஷன் குரல்லயே சொல்றான், தி இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் டீப்லி ரெக்ரெட்டட், மிஸ்.