விடுமுறையில் மொரீஷியஸ் வந்து அமெரிக்க மாணவர் விசாவைப் புதுப்பித்த ஏழு வாரங்கள்

வணக்கம். கத்ர் போர்னில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் தெரிவது கோர் த கார்ட் மலை; அதன் சரிவிலுள்ள முருகன் கோயிலில் காவடிக்கான வேலைகள் தொடங்கிவிட்டன. அமெரிக்காவில் வேதியியல் ஆய்வுப் படிப்பின் நான்காம் ஆண்டில் இருக்கும் நான், டிசம்பர் நடுவில் ஊருக்கு வந்து, காலாவதியான எஃப்-1 என்ற மாணவர் விசாவைப் போர்ட் லூயிஸிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் புதுப்பித்தேன். கடவுச்சீட்டு நேற்றுத்தான் கைக்கு வந்தது. நம் பிள்ளைகள் பலர் ஜூலையில் இதே வேலையாக வருவார்கள் என்பதால், நினைவு மங்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

விசா முடிந்துவிட்டால் அமெரிக்காவில் தங்கவே கூடாது என்று இங்கே பெற்றோர் பலர் அஞ்சுகிறார்கள். விசா என்பது உள்ளே நுழைவதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே சென்றபின் தங்கும் உரிமையைப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவமும், எல்லையில் பதிவாகும் ஐ-94 வருகைப் பதிவும் தீர்மானிக்கின்றன. ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் இருக்கும் ஆய்வாளர்களுக்கு ஐ-20-க்குப் பதிலாக டி.எஸ்-2019 படிவம். ஆகவே படிப்பு ஒழுங்காக நடக்கும்வரை விசா காலாவதியானவர் அங்கேயே இருந்து படிக்கலாம். ஆனால் ஒருமுறை வெளியேறினால், திரும்புவதற்குப் புதிய விசா வேண்டும். அதை வெளிநாட்டில்தான் வாங்க முடியும்.

கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளுக்கு 30 நாட்களுக்கு மேற்படாத பயணமாகச் சென்று திரும்புவோருக்குப் பழைய விசாவே போதும் என்ற விதிவிலக்கு ஒன்று உண்டு. அந்தப் பயணத்தின்போது அங்கே புதிய விசாவுக்கு விண்ணப்பித்தவர்கள் இந்த விதிவிலக்கை இழந்துவிடுவார்கள். தவிர, 2025 செப்டம்பரிலிருந்து சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்திருப்பதால், நமக்கு வழி போர்ட் லூயிஸ்தான்.

புறப்படுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஐ-20 படிவத்தின் இரண்டாம் பக்கம். பயணத்துக்கான கையொப்பம் 12 மாதங்களுக்குச் செல்லும். படிப்பு முடிந்து வேலைப் பயிற்சியில் இருப்போருக்கு ஆறு மாதங்கள்தான். என் கையொப்பத்துக்கு 14 மாதங்கள் ஆகியிருந்ததை விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்புதான் கவனித்தேன். பன்னாட்டு மாணவர் அலுவலகம் மின்னஞ்சலிலேயே புதிய படிவத்தை அனுப்பியது.

அடுத்தது பெயர். நம் முன்னோர் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் பதிந்ததால், முத்து என்ற ஒரே பெயர் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. இதில் நமக்கு வெட்கம் வேண்டாம். ஆனால் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கள்தான் ஐ-20 படிவத்திலும் டி.எஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பத்திலும் இருக்க வேண்டும். என் தம்பியின் ஐ-20 படிவத்தில் ஓர் எழுத்து மாறியிருந்ததைத் திருத்தவே ஒரு வாரம் போனது.

விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். அதே பல்கலைக்கழகத்தில் அதே படிப்பைத் தொடர்பவர்கள் முதன்முறை கட்டிய 350 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு அமைப்பு) கட்டணத்தை மறுபடி கட்டத் தேவையில்லை. 2025 செப்டம்பர் 2 முதல் மாணவர்களுக்கும் பெரும்பாலும் நேர்காணல் உண்டு. சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்கவும் சொல்கிறார்கள்.

நேர்காணல் ஐந்து நிமிடங்களில் முடிந்தது. என்னைச் சோதித்தது அதற்குப் பின் வந்த காத்திருப்பு. ஆய்வுத் தலைப்பைக் கேட்ட அதிகாரி, 221(ஜி) என்ற சட்டப் பிரிவைக் குறித்த தாள் ஒன்றைக் கொடுத்து, கடவுச்சீட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அன்று மாலை இணையத்தில் பார்த்தால், என் விண்ணப்பம் மறுக்கப்பட்டதாகக் காட்டியது. அம்மா அழுதுவிட்டார். அதிகாரிகள் கூடுதலாகச் சரிபார்க்கும் விண்ணப்பங்களுக்கும் அங்கே அதே சொல்தான் வரும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால், அந்த இரவு எங்கள் வீட்டில் எல்லோரும் உறங்கியிருப்போம். அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் இது அடிக்கடி நிகழ்வதுதான். வாழ்க்கைக் குறிப்பு, வெளியிட்ட கட்டுரைகளின் பட்டியல், ஆய்வைப் பொதுமக்களுக்கும் புரியும் மொழியில் விளக்கும் நெறியாளரின் கடிதம் ஆகியவற்றை வரும்போதே கையில் கொண்டுவாருங்கள். அவற்றைத் திரட்டவே எனக்கு ஒன்பது நாட்கள் ஆயின. அதற்குள் வகுப்புகள் தொடங்கி, நான் நடத்த வேண்டிய ஆய்வகப் பயிற்சிகளை வேறொருவர் ஏற்றுக்கொண்டார்.

நம் ஊர் நாட்காட்டியையும் கணக்கில் கொள்ளுங்கள். தூதரகத்துக்கு அமெரிக்க விடுமுறைகளும் உண்டு, நம் விடுமுறைகளும் உண்டு: கிறிஸ்துமஸ், ஜனவரி 1, 2, பின்பு மார்ட்டின் லூதர் கிங் நாள், தைப்பூசக் காவடி. இது சூறாவளிக் காலமும் கூட. மூன்றாம் எச்சரிக்கை வந்தால் அலுவலகங்கள் மூடிவிடும். 2024 ஜனவரியில் பெலால் சூறாவளி வந்தபோது விமான நிலையமே மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே நேர்காணல் அமையும்படி நாளைப் பிடியுங்கள். பாரிஸ் வழியாகவோ துபாய் வழியாகவோ திரும்பும் பயணச்சீட்டு, தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் விசாவில் உள்ள பெயர், பிறந்த தேதி, விசா வகை ஆகியவற்றை அன்றே சரிபாருங்கள். நான் நேற்று இரண்டு முறை படித்தேன். ஐ-20 படிவத்தைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். எல்லையில் அதிகாரி கேட்பார் என்பதால் கைப்பையிலேயே இருக்க வேண்டும். அங்கே இறங்கியபின் ஐ-94 பதிவை இணையத்திலிருந்து எடுத்து, அதில் எஃப்-1 என்று இருக்கிறதா என்று பார்த்து, ஒரு படியைப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். நானும் வரும் வியாழக்கிழமை அதைத்தான் செய்யப்போகிறேன்.