எஃப்பி வந்ததா, எஃப்ஏ வந்ததா

வணக்கம் நண்பர்களே. 18.110 மெகாஹெர்ட்சில் ஒரு பீக்கனும் (வானொலி அலைகள் எங்கெல்லாம் எட்டுகின்றன என்று அறிய, தானாகவே சிக்னல் அனுப்பும் நிலையம்) கேட்கவில்லை என்று சென்ற காணொளியில் நான் வருந்தியதும், ஆன்டெனாவைச் சந்தேகித்து நான்கு முறை மாடி ஏறியதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆன்டெனா குற்றமற்றது. ரிக், அதாவது என் வானொலிக் கருவி, ஒவ்வொரு முறையும் "முடியாது" என்றே பதில் அனுப்பியிருக்கிறது. ரிக்கைக் கணினியிலிருந்து இயக்க நான் எழுதிய நிரல் அந்தப் பதிலைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

கொழும்பின் 4எஸ்7பி உட்பட 18 பீக்கன்களுக்கு, 14.100 முதல் 28.200 வரையிலான ஐந்து அதிர்வெண்களிலும் பத்து நொடி வீதம் முறை வைத்திருக்கிறார்கள். ஒரு பீக்கனை ஐந்திலும் பின்தொடர, என் ஐகாம் ஐசி-7300க்கு நிரல் பத்து நொடிக்கு ஒரு சிஐ-வி (ஐகாம் ரிக்குகளைக் கணினியால் இயக்கும் முறை) கட்டளை அனுப்புகிறது. 14.100க்கு அது எஃப்இ எஃப்இ 94 இ0 05 00 00 10 14 00 எஃப்டி என்ற பதினொரு பைட்டுகள் (ஹெக்ஸ், அதாவது பதினாறடிமான எண்களில்). இதில் 94 ரிக்கின் முகவரி, இ0 கணினியின் முகவரி. அதிர்வெண்ணின் இலக்கங்கள் இரண்டிரண்டாகக் கடைசியிலிருந்து முன்னோக்கிச் செல்கின்றன. ஏற்றுக்கொண்டால் ரிக் எஃப்இ எஃப்இ இ0 94 எஃப்பி எஃப்டி என்று ஆறே பைட்டுகளில் பதில் தரும். மறுத்தால் எஃப்பி இருந்த இடத்தில் எஃப்ஏ வரும். இரண்டுக்கும் ஒரே ஒரு பிட்தான் வேறுபாடு.

நான் 18 என்று எழுத வேண்டிய பைட்டில் 81 என்று எழுதியிருந்தேன். 81.110 மெகாஹெர்ட்ஸ், 74.8 வரை மட்டுமே கேட்கும் ரிக்கின் எல்லைக்கு வெளியே இருப்பதால் எஃப்ஏ வந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: அமைப்புகளில் யுஎஸ்பி எதிரொலியை நான்தான் இயக்கி வைத்திருந்தேன். அதனால் நான் அனுப்பிய கட்டளையே முதலில் எனக்குத் திரும்பி வரும். அதன் பிறகுதான் பதில் வரும். நிரலோ முதலில் வந்ததையே பதிலாக எண்ணி, திரையில் 18.110 என்று பச்சை நிறத்தில் காட்டிவிட்டது. ரிக் 14.100ஐ விட்டு அசையவே இல்லை.

எதிரொலியை நிறுத்திவிடலாமே என்று சிலர் எழுதுவீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் ரிக்கைக் கணினியுடன் இணைக்கும் மற்றொரு வழியான ரிமோட் ஜாக்கில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே கம்பியில் நடப்பதால் அங்கே எதிரொலி வந்தே தீரும். அதைப் பிரித்தறியத் தெரிந்த நிரல்தான் இரண்டு வழியிலும் வேலை செய்யும். மூன்றாவது பைட்டைப் பார்த்தால் போதும்: 94 என்றால் என் குரலே, இ0 என்றால் எனக்கான பதில், 00 என்றால் குமிழைத் திருப்பியதால் ரிக் எல்லோருக்கும் விடுத்த அறிவிப்பு. இந்தச் சோதனையைச் சேர்க்க நான்கு வரிகள்தான் ஆயின. முதல் எஃப்ஏ திரையில் சிவப்பாகத் தோன்றியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது!

ரிக் ஏன் மறுத்தது என்று எஃப்ஏ சொல்லாது என்பது எனக்குப் பிடிக்காத ஒன்று. கென்வுட் நிறுவன ரிக்குகளின் கட்டளை முறையில் கேள்விக்குறி, இ, ஓ என்று மூன்று விதமான மறுப்புகள் உண்டு. தகவல்தொடர்புப் பிழைக்குத் தனி எழுத்தே இருக்கிறது. எஃப்பியையும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது. 14.100இன் ஐந்து பைட்டுகளை வரிசை மாற்றி அனுப்பிப் பார்த்தேன். ரிக் எஃப்பி சொல்லிவிட்டு 101.4 கிலோஹெர்ட்சில் போய் அமர்ந்தது. ஆகவே ஒவ்வொரு எஃப்பிக்குப் பின்னும் 03 கட்டளையால் அதிர்வெண்ணைத் திரும்பப் படித்து ஒப்பிடுகிறேன்.

இன்று காலை 18.110இல் ஒரு பீக்கனின் மோர்ஸ் ஒலி தெளிவாகக் கேட்டது. அதன் பதிவை இப்போது போடுகிறேன், கேளுங்கள்.