மகளை வியன்னாவுக்கு அனுப்பும் அம்மாவுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

மேடை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நோட்டீசில் தலைப்பைப் பார்த்துட்டுதாம்மா வந்தேன். அக்டோபரில் என் பொண்ணு வியன்னாவுக்குப் படிக்கப் போறா. ராத்திரி எட்டு மணிக்கு மேல தனியா நடக்கலாமா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். நடக்கலாம் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொள்ள மனசு வரவில்லை. எழுதிக் கொண்டுவந்ததை மடித்து வைத்துவிட்டேன். இன்றைய பேச்சு மூன்றாவது வரிசையில் இருக்கும் அந்த அம்மாவுக்கு.

நான் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் 11 வருடம் குடியிருந்தேன். ஐந்தாவது வட்டாரமான மார்கரேட்டனில் வீடு. போய் இறங்கியது 2013 டிசம்பர். அந்த மாதத்தில் அங்கே மாலை நாலு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், ஐந்து மணிக்குக் கும்மிருட்டு. 'இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடு' என்று கேட்டே வளர்ந்தவள் நான். முதல் இரண்டு வாரம் மூன்றரை மணிக்கே பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் வேறு வழியில்லாமல் இரவு ஒன்பதரைக்கு ரயிலை விட்டு இறங்கினேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, எழுபத்தைந்து வயதிருக்கும், ஒரு குட்டி நாயைக் கூட்டிக்கொண்டு போனார். நாய் நின்ற இடத்திலெல்லாம் அவரும் நின்றார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பின்னாலேயே நானும் நின்று நின்று வீடு போய்ச் சேர்ந்தேன். இன்றைக்கும் எந்தப் புது ஊருக்குப் போனாலும் இருட்டியபின் நான் தேடுவது அந்தப் பாட்டியைத்தான். வயதான பெண்கள் இந்நேரத்தில் தெருவில் நிதானமாக நடக்கிறார்களா என்றுதான் பார்ப்பேன்.

அந்த நிதானம் அவருக்குத் தானாக வந்துவிடவில்லை. 1991இல் வியன்னாவில் ஒரு புகைப்படக் கண்காட்சி நடந்தது. பொதுவெளி யாருக்குச் சொந்தம் என்பதுதான் அதன் தலைப்பு. எட்டுப் பெண்களின் சாதாரண நாள் ஒன்று படங்களாக இருந்தது, அவ்வளவுதான். வீட்டிலிருந்து காரில் அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு என்று போகிறவருக்காகத்தான் நகரம் அதுவரை யோசிக்கப்பட்டிருந்தது. பெண்களின் நாளோ குழந்தையைப் பள்ளியில் விட்டு, வேலைக்குப் போய், காய்கறி வாங்கி, வயதான அம்மாவைப் பார்த்துவிட்டு, நடந்தும் டிராமில் ஏறியும் இறங்கியும் கழிகிறது. கண்காட்சியை நடத்தியவர்களில் ஒருவர் ஏவா கைல் என்ற நகரத் திட்டமிடுநர். அடுத்த ஆண்டே மாநகராட்சி பெண்களுக்கென ஒரு அலுவலகம் திறந்து அவரைத் தலைவராக்கியது.

அங்கிருந்து வந்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். நகரின் வடக்கே ஃபுளோரிட்ஸ்டோர்ஃபில் 357 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. நாலு பெண் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்து 1997இல் முடித்தது. ஆஸ்திரியாவின் முன்னோடிப் பெண் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கியின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரு தோழியின் வீட்டுக்கு அங்கே அடிக்கடி போவேன். மாடிப்படியில் ஏறும்போது வெளிச்சம் வெளியிலிருந்து வரும். நம் அடுக்குமாடிகளில் மாதிரி பல்பு போனால் தடவிக்கொண்டு ஏறுகிற கதை கிடையாது. குழந்தை வண்டியை நிறுத்த மாடிக்கு மாடி இடம். தோழி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்ப்பாள். அவள் மகன் கீழே விளையாடுவான். எதிர்வீட்டு அம்மாவும் அவள் ஜன்னலில் நிற்பார். இரவு பத்து மணிக்கு அந்த முற்றத்தைத் தாண்டி வரும் ஒரு பெண்ணுக்கு, தலைக்கு மேலே இப்படி எத்தனையோ அடுப்படி வெளிச்சம். கேமரா வைத்திருந்தால் நடந்ததைப் பிறகு போட்டுப் பார்க்கலாம். ஜன்னலில் நிற்கிறவள் அந்த நிமிஷமே "யாரது?" என்று குரல் கொடுப்பாள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஐன்சீட்லர் பூங்கா. ஒன்பது, பத்து வயதைத் தாண்டியதும் பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவது குறைந்துபோகிறது என்பதைத் தொண்ணூறுகளில் ஆய்வு செய்து கண்டுபிடித்தார்கள். பையன்கள் பெரிய திறந்தவெளியைப் பந்தோடு பிடித்துக்கொள்ள, பெண்கள் சண்டை போடாமல் விலகிப் போய்விட்டார்கள். 1999இல் இந்தப் பூங்காவையும் இன்னொன்றையும் மாற்றி அமைத்தார்கள். நடைபாதைகள் போட்டு, பெரிய வெளியைச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்து, வாலிபாலுக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பத்து வயதில் பூங்காவை விட்டுக்கொடுத்த பெண், இருபது வயதில் தெருவை எனக்கும் உரியது என்று நினைத்து நடப்பாளா? என் மகள் அங்கே பூப்பந்து ஆடி வளர்ந்தாள். எனக்கு வாய்க்காத பாக்கியம் அது.

2010 செப்டம்பரிலிருந்து வெள்ளி, சனி இரவுகளிலும் விடுமுறைக்கு முந்தைய இரவுகளிலும் சுரங்க ரயில் விடிய விடிய ஓடுகிறது, கால் மணிக்கு ஒன்று. மற்ற நாட்களில் நள்ளிரவுக்கு மேல் இரவுப் பேருந்து. வீட்டுக்குத் திரும்ப வண்டி உண்டு என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

சுற்றிப் பார்க்க வருகிற பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் மூன்று இசை நிகழ்ச்சிகள், தாக்குதல் சதி ஒன்று அம்பலமானதால் கடைசி நேரத்தில் ரத்தாயின. உலகம் முழுவதிலுமிருந்து வந்திருந்த இளம்பெண்கள் ஹோட்டல் அறையில் அடைந்து கிடக்கவில்லை. ஆறாவது வட்டாரமான மரியாஹில்ஃபில் கொர்னேலியுஸ்காஸ என்று ஒரு தெரு. அவருடைய பாட்டு ஒன்றில் வரும் தெருவின் பெயரை ஒத்தது. அங்கே கூடி, பாசிமணிக் கயிறுகளை ஒருவர் கையில் ஒருவர் கட்டிவிட்டு, மரக்கிளையிலும் தொங்கவிட்டு, பாடித் தீர்த்தார்கள். நானும் போய் ஓரமாக நின்றேன். தெருவிளக்கு, நடைபாதை, படிக்கட்டு எல்லாவற்றையும் பெண்களின் கண்ணால் பார்த்துச் சீரமைக்க நகரம் முதலில் சோதனைக்கு எடுத்துக்கொண்ட வட்டாரம் அதே மரியாஹில்ஃப்தான். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குக் கண் கலங்கியது.

இதோடு நிறுத்திக்கொண்டால் அந்த அம்மாவை ஏமாற்றியவள் ஆவேன். அதே 2024இல், பிப்ரவரி 23 அன்று, இதே வியன்னாவில் ஒரே நாளில் ஐந்து பெண்கள் பிணமாகக் கிடைத்தார்கள். பிரிகிட்டனாவில் பாலியல் தொழில் நடக்கும் ஓரிடத்தில் மூவர் குத்திக் கொல்லப்பட்டிருந்தார்கள். இன்னொரு வட்டாரத்தில், வீட்டுக்குள், ஒரு தாயும் 13 வயது மகளும். ஐந்து பேரில் ஒருவர்கூடத் தெருவில் சாகவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 28 நாடுகளில் 42,000 பெண்களிடம் பேசி 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒருவர் 15 வயதுக்குப் பிறகு உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்ததாகச் சொன்னார். இருட்டுச் சந்துகளைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். அடி பெரும்பாலும் தெரிந்த கையிலிருந்து விழுகிறது.

அதனால்தான் 1997 மே மாதம் அமலுக்கு வந்த ஆஸ்திரியச் சட்டத்தை எங்கே போனாலும் சொல்கிறேன். அடி வாங்கியவள் பெட்டி படுக்கையோடு வெளியேறுவதுதான் உலக வழக்கம். இந்தச் சட்டம் அடித்தவனை வெளியே போகச் சொன்னது, வீடு அவன் பேரிலேயே இருந்தாலும். காவலர் அங்கேயே சாவியை வாங்கிக்கொள்வார்; இப்போது இரண்டு வாரம் அவன் வாசல் பக்கம் வரக்கூடாது. ஐரோப்பாவில் பல நாடுகள் இதைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டன.

என் தோல் நிறத்தோடு அந்த ஊரில் நடப்பதும், வெள்ளைக்காரத் தோழி நடப்பதும் ஒன்றில்லை என்பதையும் மறைக்கமாட்டேன். தலையில் துணி போட்ட பெண்ணுக்கு அது இன்னும் கஷ்டம். "உன் ஊருக்குப் போ" என்பதைப் பட்டப்பகலிலேயே கேட்டிருக்கிறேன். தெருவிளக்கு அதற்கு ஒன்றும் செய்யாது.

2015இல் கூட்டமான டிராமில் ஒருவன் என் பின்பக்கத்தில் கை வைத்தான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இறங்கி, பனியில் நின்று அழுதேன். அப்படிக் கை வைப்பதைத் தண்டிக்க அன்றைய குற்றவியல் சட்டத்தில் தெளிவான இடமே இல்லை. 2016 ஜனவரி ஒன்றாம் தேதிதான் வந்தது. அதற்கப்புறம் பெண்களுக்கான தற்காப்பு வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். உதையும் குத்தும் மறந்துபோச்சு. முதல் நாள் சொல்லிக்கொடுத்தது மட்டும் மறக்கவில்லை. நம் 'நீ', 'நீங்க' மாதிரி ஜெர்மனிலும் இரண்டு உண்டு. தொல்லை கொடுப்பவனை 'நீ' என்று திட்டினால், சுற்றி இருப்பவர்கள் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். 'நீங்க' என்று உரக்கச் சொன்னால், இவன் யாரோ முன்பின் தெரியாதவன் என்று மொத்தப் பெட்டிக்கும் தெரிந்துவிடும்.

அம்மா, உங்கள் பொண்ணு நடக்கலாம். எட்டு மணிக்கு மேலும் நடக்கலாம். காவலுக்கு 133. வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்காக 1996இலிருந்து மாநகராட்சி நடத்தும் இருபத்துநாலு மணி நேர எண் 71719, முன்னால் 01 சேர்க்க வேண்டும். இரண்டையும் விமானம் ஏறுவதற்கு முன்பே போனில் போட்டு வைக்கட்டும். 'நீங்க' வரும் ஒரு ஜெர்மன் வாக்கியத்தையும் கற்றுக்கொண்டே போகட்டும். 'என்னைத் தொந்தரவு செய்யாதீங்க' என்று அர்த்தம். நீங்களும் எழுந்து நில்லுங்கள், சேர்ந்து சொல்வோம், வீட்டுக்குப் போய் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வயிற்றிலிருந்து குரல் வரணும். எங்கே: லாஸன் ஸீ மிஷ் இன் ரூஅ! இன்னும் கொஞ்சம் சத்தமாக.