வயதைப் பாறையிடம் கேளுங்கள்

(பெங்களூரு அல்சூரில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "பூமியின் வயதைச் சொல்ல வல்லது மறைநூலா, பாறையா?" பாறை அணியின் உரை.)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர் இரண்டு கணக்குகளை வைத்தார். விவிலியத்தின் தலைமுறைகளைக் கூட்டி, அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் சொன்னது ஒன்று: படைப்பு நடந்தது கி.மு. 4004. அடுத்தது புராணக் கணக்கு. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. அறிவியல் சொல்லும் 454 கோடிக்கு எத்தனை பக்கம் பாருங்கள் என்றார். கைதட்டலும் வாங்கினார்.

ஐயா, 432 கோடி என்பது ஒரு கல்பத்தின், அதாவது பிரம்மாவின் ஒரு பகலின், முழு நீளம். அதே கணக்கில் நடப்புக் கல்பம் தொடங்கி ஏறக்குறைய 197 கோடி ஆண்டுதான் ஆகிறது. பூஜையில் புரோகிதர் சங்கல்பம் செய்யும்போது சொல்கிறாரே 'ஸ்வேத வராக கல்பே', அதுதான் இந்தக் கல்பம். இப்போது நம் பெங்களூரு லால்பாக் பூங்காவுக்கு வாருங்கள். கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறையில் காலையில் நடக்கிறவர்கள் பார்த்திருப்பீர்கள்: சாம்பலும் வெளுப்புமாக வரிகள், பிசைந்த மாவு மடிந்தாற்போல் வளைந்து ஓடும். அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. கல்பம் பிறப்பதற்கு நூறு கோடி ஆண்டுக்கு முன்பே பாறை பிறந்துவிட்டதே!

எப்படித் தெரியும் என்பீர்கள். இத்தகைய பாறைகளுக்குள் சிர்க்கான் என்று மணல் பருமனில் ஒரு படிகம் உண்டு. உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்க்கும், ஈயத்தை அண்டவிடாது. பிறகு அந்த யுரேனியம் சிதைந்து சிதைந்து ஈயமாகும். பாதி மாறவே 447 கோடி ஆண்டு. இரண்டையும் அளந்தால் வயது வந்துவிடும். 1956-இல் அமெரிக்க அறிவியலாளர் கிளேர் பேட்டர்சன், பூமியோடு சேர்ந்து பிறந்த விண்கற்களின் ஈயத்தை அளந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்றார். காற்றிலும் பாத்திரத்திலும் ஒட்டிய ஈயம் கணக்கைக் கெடுத்ததால், ஆய்வுக்கூடத்தையே தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எனக்கு அது பூஜையறைச் சுத்தமாகவே தெரிகிறது.

நான் தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். "அப்படியானால் மறைநூல் பொய்யா?" என்று எதிரணி கேட்டபோது மனம் நொந்தேன். கல்லையும் கடவுள்தானே படைத்தார்? ஆறாயிரம் ஆண்டுக்கு முன் படைத்த கல்லுக்குள் 300 கோடி ஆண்டின் ஈயத்தை அவரே வைத்தார் என்றால், பழி யார் மேல் விழுகிறது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும். நன்றி.