ஒரே சாலை, எட்டுப் பூங்கா: சுப்பீரியர் ஏரியின் வடகரை

[காட்சி: காலைப் பனிமூட்டம் மெல்ல விலகுகிறது. அடிவானம் வரை தண்ணீர். அலை கூழாங்கற்களை உருட்டும் சத்தம்.]

முதல்முறை பார்க்கிற யாரும் இதைக் கடல் என்றுதான் நினைப்பார்கள். அலை அடிக்கிறது, எதிர்க்கரை தெரியவில்லை, தூரத்தில் சரக்குக் கப்பல் போகிறது. ஆனால் காற்றில் உப்பு வாடை இல்லை.

வணக்கம். இது சுப்பீரியர் ஏரி. பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி, சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். ஆழமான இடத்தில் 406 மீட்டர். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் இதை கிச்சிகாமி என்கிறார்கள். பெருநீர் என்று பொருள்.

இன்றைக்கு நாம் போகப்போவது இதன் வடமேற்குக் கரைக்கு. அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில், டுலூத் நகரத்திலிருந்து கனடா எல்லை வரை ஏரியை ஒட்டியே 61ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. சுமார் 150 மைல். அதற்குள் எட்டு மாநிலப் பூங்காக்கள்.

மினியாபொலிஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, ஒரு அருவி, ஒரு கலங்கரை விளக்கம் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் மூன்று வருடம் அப்படித்தான் போய்வந்தேன். பிறகு ஒருநாள் அந்தக் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி வண்டியை ஓட்டினேன். அன்றிலிருந்து எனக்கு இந்தக் கரையே வேறாகத் தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

[காட்சி: வான்வழிப் படம். காடு, மேடு, அதிலிருந்து ஏரிக்கு இறங்கும் ஆறு.]

முதலில் ஒரு கேள்வி. இந்தக் கரையில் மட்டும் ஏன் இத்தனை அருவி?

சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கண்டம் நடுவில் பிளக்கத் தொடங்கியது. பிளவு வழியே எரிமலைக் குழம்பு பொங்கி வழிந்தது. ஒன்று இறுகியதும் அதன்மேல் இன்னொன்று, அடுக்கடுக்காக. பிளவு பாதியிலேயே நின்றுபோனது. அத்தனை பாறையின் எடை தாங்காமல் நடுப்பகுதி உள்வாங்க, அடுக்குகள் எல்லாம் ஏரி இருக்கும் பக்கமாகச் சாய்ந்தன. வெகுகாலம் கழித்து வந்த பனிப்பாறைகள் அந்தப் பள்ளத்தை இன்னும் ஆழமாகத் தோண்டிவிட்டுப் போயின. அதில் நின்ற தண்ணீர்தான் ஏரி.

ஆக, மேட்டில் பிறக்கும் ஆறு கடைசிச் சில மைல்களில் பல நூறு அடி இறங்கியாக வேண்டும். நடக்க இடம் இல்லை, குதிக்கத்தான் வேண்டும். பூங்காக்களும் அந்த ஆற்று முகங்களில்தான் அமைந்திருக்கின்றன. அதனால் பூங்காவின் பெயரைக் கேட்டாலே ஆற்றின் பெயரைக் கேட்டது போலத்தான்: கூஸ்பெரி, டெம்பரன்ஸ், கேஸ்கேட்.

[காட்சி: கூஸ்பெரி அருவி, நெருக்கத்தில். பழுப்பு நிறத் தண்ணீர்.]

முதலில் கூஸ்பெரி ஃபால்ஸ். தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். இரண்டாவது முறை இறக்கிய டிகாஷன் மாதிரி இருக்கிறது இல்லையா? இது அழுக்கு இல்லை. மேலே இருக்கும் சதுப்பு நிலத்தில் ஊறிய செடிகொடிகளின் துவர்ப்புச் சத்து, அதாவது டானின். தேயிலைக்கு நிறம் தருகிற அதே வகைப் பொருள். நுரை மிதப்பதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம், அதுவும் அந்தச் செடிகளின் சத்திலிருந்து வருவதுதான்.

எல்லாரும் அருவியைப் படம் பிடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் கொஞ்சம் திரும்பி, சாலையோரம் இருக்கும் அந்த நீளமான கற்சுவரையும் பாருங்கள். சுமார் 300 அடி. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை கிடைக்காத இளைஞர்களை அரசாங்கம் ஒரு படையாகத் திரட்டி, காடு வளர்க்கவும் பூங்கா கட்டவும் அனுப்பியது. 1934 முதல் 1941 வரை இங்கே தங்கிய அந்தப் பையன்கள் கல் சுமந்து கட்டியது இது. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு நிறம். இடுக்குகளில் இப்போது பாசி படர்ந்திருக்கிறது. நான் போகும்போதெல்லாம் அதில் ஒருமுறை கை வைத்துவிட்டுத்தான் நகர்வேன்.

ஒரு தகவல். இங்கே அருவிக்குப் போகும் வாகன நிறுத்தம் நெடுஞ்சாலை ஓய்விடத்தோடு சேர்ந்தது, அதனால் கட்டணம் கிடையாது. மற்ற பூங்காக்களில் வண்டிக்கு அனுமதிச்சீட்டு தேவை. வருடச் சீட்டு ஒன்று வாங்கிவிட்டால் மாநிலம் முழுக்க உள்ள பூங்காக்களுக்கு அதுவே போதும்.

[காட்சி: செங்குத்துப் பாறை உச்சியில் கலங்கரை விளக்கம்.]

அடுத்தது ஸ்ப்ளிட் ராக். 1905 நவம்பரில் அடித்த புயலில் இந்த ஏரியில் 29 கப்பல்கள் சேதமாயின. அதன் விளைவாக 1910இல் கட்டியது இந்த விளக்கம். அப்போது இங்கே சாலையே இல்லை. செங்கல்லும் இரும்பும் படகில் வந்து, நீராவி இயந்திரத்தால் பாறை உச்சிக்கு ஏற்றப்பட்டன. 1969இல் பணி முடிந்து விளக்கை அணைத்துவிட்டார்கள்.

ஆனாலும் வருடத்தில் ஒரு மாலை, நவம்பர் 10 அன்று, மறுபடி ஏற்றுகிறார்கள். 1975இல் அதே நாளில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் 29 பேரோடு இந்த ஏரியில் மூழ்கியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஒவ்வொரு பெயராக வாசித்து, பெயருக்கு ஒருமுறை மணி அடிப்பார்கள். குளிரில் கூட்டமாக நின்று அதைக் கேட்ட பிறகு, இந்த ஏரியை வெறும் அழகான இடமாக என்னால் பார்க்க முடிந்ததில்லை.

டெட்டகூஷ் பூங்காவில் பாறை விளிம்பு வரை நடக்கலாம். தண்ணீருக்குள் இறங்கியிருந்த கல் வளைவு ஒன்று இங்கே பெயர் பெற்றது. 2010இல் அது இடிந்து விழுந்தது. அலை இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, ஆகவே வேலியைத் தாண்டிப் படம் எடுக்கப் போகாதீர்கள். கேஸ்கேட், டெம்பரன்ஸ் இரண்டும் சாலையிலிருந்து சில நிமிட நடைதான். ஜார்ஜ் கிராஸ்பி மானிட்டூ மட்டும் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே முதுகில் பை மாட்டி நடந்து போய்த்தான் கூடாரம் அடிக்க முடியும்.

[காட்சி: ஆறு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி பாறைக் குழிக்குள் இறங்குகிறது.]

இப்போது என் மனத்துக்கு மிக நெருக்கமான இடம். ஜட்ஜ் மேக்னி பூங்கா. டுலூத் மேயராகவும் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்த கிளாரன்ஸ் மேக்னியின் பெயர். இந்தக் கரை தனியார் கைக்குப் போகாமல் பொதுச்சொத்தாக நிற்க வேண்டும் என்று பாடுபட்டவர்களில் முக்கியமானவர்.

ஏறத்தாழ ஒரு மைல் நடை, வழியில் நீளமான மரப்படிக்கட்டு. போகும்போது இறக்கம் என்று ஏமாந்துவிடாதீர்கள், திரும்பும்போது அத்தனையும் ஏற வேண்டும். முடிவில் புரூல் ஆறு ஒரு பாறையில் மோதி இரண்டாகப் பிரிகிறது. வலப்பாதி சாதாரண அருவியாக விழுந்து போகிறது. இடப்பாதி ஒரு குழிக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான். வெளியே வருவது தெரியவில்லை. பேயின் கொப்பரை என்று பொருள்படும் பெயர் அதற்கு.

எங்கே போகிறது இந்தத் தண்ணீர்? ஏரிக்கு அடியில் ரகசியக் குகை இருக்கிறது என்றார்கள். பிங்பாங் பந்து போட்டோம், மரக்கட்டை போட்டோம், எதுவும் திரும்பவில்லை என்று கதைகள். ஆனால் இது சுண்ணாம்புப் பாறை இல்லை, இறுகிய எரிமலைப் பாறை. நீர் அரித்து நீண்ட குகை உண்டாகும் சாதியே இல்லை. 2016இல் மாநில இயற்கை வளத் துறையின் நீரியல் வல்லுநர்கள் எளிய வழி ஒன்றைப் பிடித்தார்கள். அருவிக்கு மேலே ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, கீழே எவ்வளவு என்று அளந்தார்கள். மேலே வினாடிக்கு 123 கன அடி. கீழே 121.

கணக்கு சரியாகிவிட்டது. குழிக்குள் போன பாதி, அருவிக்குக் கீழேயே ஆற்றோடு சேர்ந்துகொள்கிறது. போட்ட பொருள்கள் வராததற்குக் காரணம், உள்ளே சுழலும் நீரின் வேகம். அடித்து நொறுக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும். விடை தெரிந்த பிறகும் அந்தக் குழியைப் பார்த்து நிற்கையில் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. தயவுசெய்து எதையும் உள்ளே போடாதீர்கள்.

[காட்சி: கூழாங்கல் கரை. ஒரு அம்மா குனிந்து தண்ணீரில் கை வைக்கிறார்.]

கிளம்புவதற்கு முன் சில விஷயங்கள். ஒரு ஜூலையில் ஊரிலிருந்து வந்த அம்மாவை அழைத்துப் போனேன். மினியாபொலிஸில் வெயில் கொளுத்தியது, ஸ்வெட்டர் எடுக்கவில்லை. இங்கே வந்தால் பனிமூட்டம். அம்மா தண்ணீரில் கை வைத்துவிட்டு, "என்னடா, ஃப்ரிட்ஜுக்குள்ள கைய விட்ட மாதிரி இருக்கு" என்று உடனே எடுத்துக்கொண்டார்கள். ஏரி நீரின் வருடச் சராசரி வெப்பம் சுமார் 4 டிகிரி செல்சியஸ்தான். கோடையிலும் தடித்த சட்டை எடுங்கள். பிள்ளைகள் தவறி விழுந்தால், நீச்சல் தெரிந்திருந்தாலும் கை கால் சீக்கிரம் மரத்துவிடும். கண் எடுக்காதீர்கள்.

சிவப்புக் கோடு ஓடும் அகேட் கற்கள் கண்ணில் படும். பூங்காவுக்குள் எடுக்கக் கூடாது. விறகும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டாம், அதில் ஒளிந்து வரும் பூச்சி இங்குள்ள மரங்களைக் கொன்றுவிடும். கூடார இடம் 120 நாளுக்கு முன்பே பதிவுக்குத் திறக்கும். இலையுதிர்கால வார இறுதி வேண்டுமென்றால் அன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். அருவி முழுவீச்சில் வேண்டுமா? பனி உருகும் ஏப்ரல், மே மாதம்.

[காட்சி: மரப்பலகைப் பாதை. சக்கர நாற்காலியில் ஒருவர்.]

கடைசிப் பூங்கா கிராண்ட் போர்ட்டேஜ். நிலம் ஒஜிப்வே மக்களுடையது, மாநிலம் அவர்களோடு சேர்ந்து நடத்துகிறது. முட்டி வலிக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். அரை மைல் பாதை, சக்கர நாற்காலியும் போகும். முடிவில் பிஜன் ஆறு 120 அடி விழுகிறது. ஆற்றின் இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தப் பக்கம் கனடா. சாரல் இரண்டு கரையிலும் விழுகிறது. அம்மா அன்று முகத்தைத் துடைக்காமல் வெகுநேரம் அங்கேயே நின்றார்கள்.

சாலை அதற்கு மேல் எல்லைச் சாவடிக்குள் போய்விடுகிறது. பாஸ்போர்ட் கையில் இல்லையென்றால் வண்டியை இங்கே திருப்பிக்கொள்ளுங்கள். திரும்பும் வழி முழுக்க ஏரி உங்கள் இடப்பக்கம் வரும்.